வாபிள் என்று எழுதினேன்

எனக்கு இங்கிலீஷ் நன்றாக எழுத வரும். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை. மர்பி டவுனில் எங்கள் தெருவில் யாருக்கு என்ன லெட்டர் வேண்டுமானாலும், கார்ப்பரேஷனுக்குப் புகார் ஆனாலும் சம்பந்தி வீட்டுக்கு அனுதாபம் ஆனாலும், கையில் வெள்ளைத் தாளோடு என் வாசலில்தான் வந்து நிற்பார்கள். இருபத்தெட்டு வருஷம் ஒரு கான்வென்ட் ஸ்கூல் ஆபீசில் கிளார்க்காக இருந்தவள் நான். பெற்றோர்களுக்குப் போகும் கடிதங்களை எல்லாம் நான்தான் எழுதினேன்.

அந்த ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை பெயிலானால் பெயில் என்று எழுத மாட்டோம். இன்னும் கொஞ்சம் கவனம் தேவை என்று எழுதுவோம். அடுத்தவன் பென்சில் பாக்ஸைத் திருடினால், பிறர் பொருள்களை எடுத்துப் பார்க்கும் ஆர்வம் அதிகம் என்று எழுதுவோம். கடிதத்தைப் படிக்கிற தாய்க்கு அன்றைக்குச் சோறு இறங்க வேண்டும் என்பது மதர் சுப்பீரியர் போட்ட சட்டம். அந்தச் சட்டம் என் விரலில் ஊறிவிட்டது. ரிட்டயர் ஆன பிறகும் போகவில்லை.

ரிட்டயர் ஆன வருஷம், சர்ச் பாட்டுக் குழுவில் என்னோடு பாடும் பவுலின்தான் அந்த வேலையைச் சொன்னாள். வைட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மெண்ட்டில் வயதான ஐயர் ஒருவர் தனியாக இருக்கிறார், மனைவி இறந்துவிட்டார், மகன் கனடாவில், காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை கூட இருக்க ஆள் வேண்டும், ஆனால் இங்கிலீஷ் தெரிந்த ஆளாக வேண்டும் என்று சொன்னாள். வயதானவரைப் பார்த்துக்கொள்ள இங்கிலீஷ் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. மகனோடு வீடியோவில் பேசியபோதுதான் விளங்கியது.

மகன் பெயர் ஸ்ரீஹர்ஷா. கால்கரி என்ற ஊரில் இருந்தான். நாற்பது வயது, கண்ணுக்குக் கீழே கருவளையம், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசினான். வெளிநாட்டில் இருந்து இருந்து தமிழ் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆன்ட்டி, குளிப்பாட்டறது, சமையல் எல்லாம் கவியரசன்னு ஒருத்தர் கூடவே இருந்து பாத்துக்கறார். நீங்க அப்பாவோட பேசணும், பேப்பர் படிக்கணும், முக்கியமா அவர் நடக்கறதைப் பாக்கணும். தினம் ஒரு மணிக்கு எனக்கு ஒரு நோட் அனுப்பணும். அதுல நடைக்குன்னு ஒரு வரி. அந்த வரியில ஒரே ஒரு வெர்ப். நான் லிஸ்ட் அனுப்பறேன்."

லிஸ்ட் வந்தது. மொத்தம் நான்கு வினைச்சொற்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே விளக்கம். ஸ்வே என்றால் நிற்கும்போது மட்டும் உடம்பு அசைவது. வாபிள் என்றால் நடை ஆடும், ஆனால் எதையும் பிடிக்காமலே நடந்துவிடலாம். ஸ்டேகர் என்றால் கால் வைத்த இடத்தில் நிற்காமல் விலகிப் போகும், சுவர் வேண்டும். லர்ச் என்றால் உடம்பே திடீரென்று ஒரு பக்கம் பாய்ந்துவிடும், ஆள் வேண்டும். வேறு எந்தச் சொல்லும் போடக்கூடாது, தினமும் பார்த்து இந்த நான்கில் ஒன்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தெட்டு வருஷம் இங்கிலீஷில் குப்பை கொட்டியவளுக்கு டிக்‌ஷனரி அனுப்புகிறான். அப்பா எப்படி நடக்கிறார் என்று தெரிய வேண்டுமானால் விமானம் ஏறி வந்து பார்க்க வேண்டியதுதானே. வீட்டுக்கு வந்து என் புருஷன் டென்சிலிடம் கத்தித் தீர்த்தேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "உனக்கென்னா வந்துச்சு? அவன் கேட்டத எழுதிப் போட்டுட்டு வா. ஏன் சும்மா பேஜார் பண்ணிக்கிற?" என்றார்.

வைத்தீஸ்வரன் சாரைப் பார்த்த முதல் நாளே எனக்குப் பிடித்துவிட்டது. ஒரு பெரிய தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்தவர். எழுபத்தைந்து வயதிலும் சலவைச் சட்டை, பவுடர், நெற்றியில் மெல்லிய விபூதி. அவரே நடந்து வந்து கதவைத் திறந்தார். நடை கொஞ்சம் ஆடியது. ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர் நடப்பதுபோலக் காலை அகட்டி வைத்து நடந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பயப்படாதீங்கோ. ஆடறேனே தவிர விழ மாட்டேன். இன்னும் டாலரன்ஸுக்குள்ளதான் இருக்கேன், அனுமதிச்ச அளவுக்கு மேல ஆடலே."

அன்று வாபிள் என்று எழுதினேன். அது உண்மை. அடுத்த பத்து மாதமும் வாபிள்தான், அவ்வளவும் உண்மை. நோட் போன ஒரு நிமிஷத்துக்குள் மகனிடமிருந்து தேங்க்ஸ் ஆன்ட்டி என்று பதில் வந்துவிடும். இங்கே மத்தியானம் ஒரு மணி என்றால் அங்கே நடுநிசி தாண்டியிருக்கும். இவன் தூங்கவே மாட்டானா, வேலையைக் கட்டிக்கொண்டு அழுகிறானா என்று சாரிடம் கேட்டேன். "அவன் அம்மா மாதிரி. வேதநாயகியும் லேட்டாத்தான் படுப்பா" என்றார் சார்.

நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே பேப்பர் படிப்போம். நான் தலையங்கத்தைச் சத்தமாகப் படித்தால் அவர் அதில் இலக்கணப் பிழை கண்டுபிடிப்பார். நான் விட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை லீவு, அன்றைக்கு அந்தச் சண்டை இல்லாமல் எனக்குப் பொழுது போகாது. என் வீட்டில் என்னோடு அப்படிப் பேச ஆளில்லை.

பதினோராவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஹாலிலிருந்து பால்கனிக்குப் போனவர் பாதி வழியில் தடுமாறினார். வலது கால் எங்கேயோ போயிற்று, இடது கால் அதைத் தேடிக்கொண்டு போனது போலிருந்தது. புத்தக அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கவியரசன் ஓடிவந்து நாற்காலி போட்டான். சார் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அன்றைக்கு மட்டும் என்றால் கால் இடறியது என்று விட்டிருக்கலாம். வெள்ளி வரை நான்கு நாளும் அதே மாதிரி. சுவர் இல்லாமல் அவரால் நடக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு நான் போனை எடுத்தபோது சார் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதப் போறேள்?"

"ஸ்டேகர்னு தான் சார் எழுதணும். நாலு நாளா பாக்கறேனே."

"எழுதாதீங்கோ குளோரியா."

அதுவரைக்கும் அவர் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டிருந்தார். நான் போனைக் கீழே வைத்தேன்.

அன்றுதான் சொன்னார். சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும் நோய் இது, அவர் அப்பாவுக்கு இருந்தது, அத்தைக்கு இருந்தது. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. மருந்து கிடையாது. அவருக்கு ஐம்பத்தெட்டில் ஆரம்பித்தது, மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"எங்கப்பா கடைசியில எப்படி இருந்தார்னு நான் பாத்திருக்கேன். பாத்ததுலேர்ந்து கண்ணாடி முன்னாடி நின்னு நானே நடந்து நடந்து பாத்துப்பேன். முப்பது வயசுலேர்ந்து. நோய் வர்றதுக்கு முன்னாடியே இருபத்தெட்டு வருஷம் நான் நோயாளியா இருந்தேன். ஹர்ஷாவுக்கு அது வேண்டாம். நான் மோசமாப் போறேன்னு தெரிஞ்சா அவன் தன் காலைப் பாத்துக்க ஆரம்பிச்சுடுவான். வாபிள்னே எழுதுங்கோ. இத்தனை நாள் எழுதினேளே."

என்னால் மறுக்க முடியவில்லை. இன்றைக்கு யார் வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்வேன், ஒரு அப்பா கண் கலங்கிக் கேட்டபோது என்னால் முடியவில்லை. அது பெரிய பொய்யாகவும் எனக்குத் தெரியவில்லை. மாசத்துக்கு ஒரு முறை பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவள் நான். பொறாமை, புறணி, டென்சிலைத் திட்டியது எல்லாவற்றையும் சாமியாரிடம் சொல்வேன். இதை ஒரு நாளும் சொன்னதில்லை. இது பாவக் கணக்கில் வருகிற பொய் என்று நான் எண்ணவே இல்லை. கடிதத்தைப் படிக்கிறவனுக்குச் சோறு இறங்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

வாபிள் என்று எழுதினேன். தேங்க்ஸ் ஆன்ட்டி என்று வந்தது.

மகன் வீடியோவில் கூப்பிடுகிற சனிக்கிழமைகளுக்குக் கவியரசன் ஏற்பாடு செய்துவிடுவான். கூப்பிடுவதற்குப் பத்து நிமிஷம் முன்பே சாரை நாற்காலியில் உட்காரவைத்து, போனை ஸ்டாண்டில் நிறுத்திவிடுவான். பேசி முடித்த பிறகுதான் எழுப்புவான். பேச்சு குழறினால் சார் பல் செட் மீது பழி போட்டுவிடுவார். வீட்டில் கேமரா வைக்கலாமா என்று மகன் ஒரு முறை கேட்டதற்கு, நான் என்ன பேங்க்கா என்று எரிந்து விழுந்தார். டாக்டரிடம் போவதையும் நிறுத்திவிட்டார், போனால் அறிக்கை மகன் கைக்குப் போகும் என்பதால்.

அந்த வருஷம் ஜூலையில் ஒரு நாள், தேங்க்ஸ் ஆன்ட்டிக்குப் பதிலாக நீளமாக ஒரு செய்தி வந்தது. அப்பாவுக்கு எழுபத்தாறு ஆகிவிட்டது, இன்னும் வாபிளைத் தாண்டவில்லையா, நிச்சயமாகத் தெரியுமா, நீங்கள் கண்ணால் பார்த்துத்தான் எழுதுகிறீர்களா என்று கேட்டிருந்தான். சாரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டுப் போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. அப்பாவைப் பார்க்க வராத பிள்ளைக்கு என் கண் மீது சந்தேகமா? யெஸ், ஸ்டில் வாபிள், காட் இஸ் குட் என்று அடித்து அனுப்பினேன். கூப்பிய கைகளின் படம் ஒன்றையும் சேர்த்தேன்.

அன்று அவனிடமிருந்து பதில் வரவில்லை. மறுநாள் வந்தது. நீங்கள் எனக்கு எவ்வளவு பெரிய உதவி செய்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது ஆன்ட்டி என்று எழுதியிருந்தான். நான் அதை டென்சிலுக்குப் படித்துக் காட்டினேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த வருஷம் மே மாதம் சாருக்குப் பேத்தி பிறந்தாள். மகனும் மருமகள் அனுஷாவும் குழந்தைக்குச் சாரின் மனைவி பெயரையே வைத்து, வேதா என்று கூப்பிட்டார்கள். நான் மர்பி டவுனிலிருந்து கேக் வாங்கிக்கொண்டு மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். சார் போனில் குழந்தை படத்தைப் பார்த்து அழுதார். ஆனந்தம் என்று நினைத்து நான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன். கேக்கை அவர் வாயில் வைக்கவில்லை.

அதற்குள் அவர் நடை ஸ்டேகரையும் தாண்டிவிட்டது. கவியரசன் இரண்டு கையாலும் பிடித்திருக்கும்போதே உடம்பு ஒரு பக்கம் பாயும். சக்கர நாற்காலி வந்தது. தினமும் பத்தடி மட்டும், பால்கனி வரை, பிடித்து நடத்துவோம். நான் எழுதுகிற வரி கொஞ்சமாவது உண்மையாக இருக்கட்டும் என்று அவர் பிடிவாதம் பிடிப்பார். நடந்து முடித்ததும், "நடந்தேனா இல்லையா? எழுதுங்கோ" என்பார். நானும் எழுதினேன். லிஸ்டில் கடைசிச் சொல்லுக்கு வந்துவிட்ட மனிதரைப் பற்றி இரண்டாவது சொல்லையே திரும்பத் திரும்ப எழுதினேன். கணக்குப் போட்டால் அறுநூறு நாளைக்கு மேல் வரும்.

போன ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை மகனிடமிருந்து செய்தி வந்தது. வியாழக்கிழமை காலை வருகிறேன் ஆன்ட்டி, தனியாகத்தான் வருகிறேன், அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

சொல்லாமல் இருப்பேனா? அடுத்த நிமிஷமே சாரிடம் சொல்லிவிட்டேன்.

"வரட்டும்" என்றார். மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது பிள்ளையை நேரில் பார்த்து. "நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கலேன்னா அவனுக்கு எப்படித் தெரியும்? முதுகு பிடிச்சுண்டுடுத்துன்னு சொல்லிக்கறேன்."

"எத்தனை நாளுக்கு சார்? பாத்ரூமுக்குப் போக வேணாமா?"

"ஒரு நாளாவது சந்தோஷமா இருக்கட்டுமே."

இரண்டு நாள் கல்யாண வீடு மாதிரி வேலை செய்தோம். சக்கர நாற்காலியையும் கமோட் நாற்காலியையும் பக்கத்து ஃப்ளாட்டில் கொண்டுபோய் வைத்தோம். சுவரில் அடித்திருந்த கைப்பிடிகளுக்கு என்ன சொல்வது என்று யோசித்து, துண்டு காயப்போட என்று சொல்லிவிடலாம் என்றான் கவியரசன். சார் விழுந்து விழுந்து சிரித்தார். வியாழக்கிழமை நான் எட்டு மணிக்கே போய்விட்டேன். அவருக்குப் புதுச் சட்டை போட்டு, தலை வாரி, நாற்காலியை வாசல் கதவைப் பார்த்தபடி திருப்பிப் போட்டோம். மகன் உள்ளே நுழையும்போதே அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் அப்படிப் போடச் சொன்னேன்.

ஒன்பதரைக்குக் கீழேயிருந்து செக்யூரிட்டி இன்டர்காமில் கூப்பிட்டார். "மேடம், நிம்ம மனேகே ஒப்பரு பந்தித்தாரே. பெளிக்கேனே ஜாஸ்தி ஆகிதே அன்ஸுத்தே." உங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்திருக்கிறார், காலையிலேயே அதிகமாகிவிட்டது போலிருக்கிறது என்றார். அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ஹர்ஷா குடிப்பான் என்று எனக்குத் தெரியாது. விமானத்தில் கொடுத்திருப்பார்கள், பாவம், அப்பாவைப் பார்க்கப் பயந்து குடித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

லிஃப்டிலிருந்து எங்கள் கதவு வரைக்கும் இருபது அடி நடை. டாக்ஸி டிரைவர் பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார். பின்னால் ஹர்ஷா. வலது உள்ளங்கை சுவரில் தேய்ந்துகொண்டே வந்தது. கால் இரண்டும் அகன்று, ஒன்று வைத்த இடத்தில் நிற்காமல் விலகிப் போனது. பாதி வழியில் சுவர் முடிந்து பக்கத்து ஃப்ளாட்டின் கதவு வந்தபோது அவன் நின்றான். எதிர்ச் சுவரைப் பார்த்து, இரண்டு எட்டில் பாய்ந்து அதைப் பிடித்துக்கொண்டான். அவன் வாயிலிருந்து ஒரு வாசனையும் வரவில்லை. மூன்று வருஷப் பயிற்சி எனக்கு. பார்த்தவுடன் சொல் வந்துவிட்டது. அது ஸ்டேகர்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இத்தனை வருஷ வீடியோவில் அவன் எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை. ஐஸில் வழுக்கி விழுந்தேன் என்று ஒரு முறை நெற்றியில் கட்டோடு வந்ததும் நினைவுக்கு வந்தது. கதவைச் சாத்திவிடலாமா என்று தோன்றியது. சாத்தினால் மட்டும் என்ன ஆகும்? நாற்காலியை வாசலைப் பார்த்துப் போட்டவளே நான். சார் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

"எப்போலேர்ந்துடா?" என்றார்.

ஹர்ஷா செருப்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நாலு வருஷம் ஆகப் போறதுப்பா. ஆன்ட்டியை வேலைக்கு வெக்கறதுக்கு முன்னாடியே டெஸ்ட் எடுத்துண்டாச்சு."

எதைத் தடுக்கத் தினமும் சார் என்னைப் பொய் எழுதவைத்தாரோ, அது நான் அந்த வீட்டில் கால் வைப்பதற்கு முன்பே வந்திருந்தது. அவன் எங்களிடம் கேட்டது அப்பாவின் நடையை அல்ல. தனக்கு முன்னால் இன்னும் எவ்வளவு தூரம் பாதை இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீ எழுந்திருப்பா" என்றான் ஹர்ஷா. "ஒரு தடவை நடந்து காமி. உன் நடையைப் பாக்கத்தான் வந்தேன். எனக்கு வேகமாப் போயிண்டிருக்கு. உனக்கு எப்படி அங்கேயே நிக்கறதுன்னு டாக்டர் கேக்கறார். நான் நேர்ல பாக்கணும்."

சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கவியரசனுக்கு இந்தப் பேச்சின் அர்த்தம் தெரியவில்லை, நடக்க வேண்டும் என்பது மட்டும் காதில் விழுந்தது, வழக்கம்போல வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். சார் எழுந்தார். ஒரு கால் வைத்தார். உடம்பு முழுவதும் இடது பக்கம் பாய்ந்தது. கவியரசன் மார்பால் தாங்கி அவரைத் திரும்ப நாற்காலியில் இறக்கினான். புதுச் சட்டையின் மேல் பொத்தான் தெறித்து எங்கேயோ உருண்டு போனது.

ஹர்ஷா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்பாவிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டான்.

"எத்தனை நாளா ஆன்ட்டி?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல" என்றேன்.

"நான்தான்டா எழுதச் சொன்னேன். அவா மேல தப்பில்லை" என்றார் சார்.

"எழுதினது என் கைதான் சார்" என்றேன்.

அவன் கோபப்படுவான், கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கையை மடியில் கோத்துக்கொண்டு, யாருக்கோ விவரம் சொல்வதுபோலச் சொன்னான்.

"அந்த ஜூலைல கேட்டேனே ஆன்ட்டி, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு அனுஷாவும் நானும் குழந்தை வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணணும். அவளுக்கு முப்பத்தொம்பது ஆயிடுத்து, தள்ளிப்போட முடியாது. வயித்துல இருக்கும்போதே டெஸ்ட் பண்ணி வேண்டாம்னு சொல்ற தைரியம் எங்களுக்கு இல்லை. உங்க நோட்டை ரெண்டு பேரும் சேந்து படிச்சோம். அப்பாவுக்கு எழுபத்தாறு, இன்னும் யாரையும் பிடிக்காம நடக்கறார். அப்போ எனக்கும் முப்பது வருஷம் இருக்கு. குழந்தைக்கே வந்தாலும், எழுபத்தாறு வயசு வரைக்கும் நடக்கலாம்னா அது நல்ல வாழ்க்கைதானேன்னா அனுஷா. நானும் ஆமான்னேன்."

சார் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். விரல் இடுக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. நான் அந்த மாதிரிச் சத்தம் அதற்கு முன் கேட்டதில்லை.

டைனிங் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். ஸ்கூல் ஆபீசில் நான் எழுதிய கடிதங்களால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை என்று அதுவரை நம்பியிருந்தேன். வந்திருந்தாலும் எனக்கு யார் வந்து சொல்லியிருப்பார்கள்? என் ஒரு சொல்லை நம்பி ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. அவள் பிறந்ததற்கு நான் கேக் வாங்கிக்கொண்டு போனேன். பிறந்திருக்கக் கூடாது என்று நினைக்க என் மனசு ஒப்பவில்லை. சரிதான், பிறந்தது நல்லதுதான் என்று நினைக்கவும் எனக்கு உரிமை இல்லை. "என்னை மன்னிச்சிடுப்பா" என்றேன். அவன் தலையை மட்டும் அசைத்தான். மன்னித்தேன் என்றா, போதும் விடுங்கள் என்றா என்று தெரியவில்லை.

கவியரசன் காபி போட்டுக்கொண்டு வந்தான். அதை எடுக்க யாரும் கை நீட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஹர்ஷா தரையிலேயே நகர்ந்து அப்பாவின் காலடிக்கு வந்தான். பையிலிருந்து போனை எடுத்தான்.

"போன வாரம் நடக்க ஆரம்பிச்சாப்பா. பாக்கறியா?"

சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கண்ணாடியை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டு, நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். வேதா மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். சோபாவின் நுனியை விட்டுவிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, அம்மாவை நோக்கி வந்தாள். ஒரு எட்டு இந்தப் பக்கம், ஒரு எட்டு அந்தப் பக்கம். நடுவில் நின்று ஆடினாள். பொத்தென்று உட்கார்ந்து, சிரித்து, கையை ஊன்றி எழுந்து மறுபடியும் வந்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னார் சார். இன்னொரு தடவை ஓடியது. அவ்வளவு அழகான முகம் அந்தக் குழந்தைக்கு, நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்க்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எல்லாக் குழந்தையும் இப்படித்தானே நடக்கும், குளோரியா?" என்றார் சார்.

ஹர்ஷாவும் திரும்பி என்னைப் பார்த்தான்.

"ஆமா சார். எல்லாக் குழந்தையும் இப்படித்தான் நடக்கும்" என்றேன்.

அது சத்தியமான உண்மை. நான் இரண்டு பிள்ளை பெற்று நடக்கவைத்தவள், எனக்குத் தெரியும். ஆனால் அந்த அறையில் என் வார்த்தையை நம்ப இனி ஆளில்லை. சார் மறுபடியும் வீடியோவைப் போடச் சொன்னார்.